கருப்புக் கார்பன் கருவி காட்டும் எண்களை எப்போது நம்பலாம்?

கருப்புக் கார்பனை அளக்கும் கருவியை இயக்கிச் சில நிமிடங்கள் ஆனதும் அதன் திரையில் எண்கள் வரத் தொடங்கும். ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை நானோகிராம் என்று கருவி சொல்வதைப் பார்க்கும் எவருக்கும், உள்ளே ஏதோ ஒரு நுண்ணிய தராசு துகள்களை எடைபோட்டுக் கொண்டிருக்கிறது என்ற எண்ணமே முதலில் எழும். அப்படி எதுவும் நடப்பதில்லை. ஒரு சிறு வடிதாள் எவ்வளவு கறுத்தது என்பதை மட்டுமே கருவி அளக்கிறது. எடை என்று நாம் படிப்பது அந்தக் கறுப்பிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற எண். இந்தக் கருவியைப் பற்றிச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் ஏறத்தாழ எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதாம் என்பதால், அதை முதலில் புரிந்துகொண்டவருக்கு மற்றவற்றை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது.

டீசல், நிலக்கரி, விறகு, பயிர்க்கழிவு போன்றவை போதிய ஆக்சிஜன் இன்றி அரைகுறையாக எரியும்போது உண்டாகும் புகைக்கரியின் கரிய பகுதியே கருப்புக் கார்பன். பி.எம். 2.5 என்று நாம் கேள்விப்படும் நுண்துகள்களுக்குள் இதுவும் அடங்கும். ஆனால் இதன் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. மற்ற நுண்துகள்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் பண்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் அகச்சிவப்பின் ஒரு பகுதியையும் இது வலுவாக உட்கவர்கிறது என்பதாகும். விலை குறைந்த பி.எம். 2.5 உணரிகள் துகள்கள் சிதறடிக்கும் ஒளியை அளப்பவை. ஒளியைச் சிதறடிப்பதைவிட விழுங்குவதையே பெரிதும் செய்யும் இந்தக் கரியை அவற்றால் தனித்து அடையாளம் காண முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட காற்றுத்தர வழிகாட்டுதல்கள் கருப்புக் கார்பனுக்கு எண் வரம்பு எதையும் விதிக்கவில்லை என்றாலும், அதை முறையாக அளக்கத் தொடங்க வேண்டும் என்று வலியுறுத்துகின்றன.

கருவி உள்ளே என்ன செய்கிறது

இன்று பரவலாகப் பயன்படும் கருவிகளின் மூதாதை, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ஹான்சன், ரோசன், நோவகோவ் ஆகியோர் உருவாக்கி 1984-இல் ஆய்விதழில் விளக்கிய ஏத்தலோமீட்டர் ஆகும். அதன் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. ஒரு பம்ப் காற்றை வடிதாளின் ஒரு சிறு வட்டத்தின் வழியாக இழுக்கிறது. துகள்கள் அங்கே படிகின்றன. வடிதாளின் ஒரு பக்கத்தில் எல்.இ.டி. விளக்கும், மறுபக்கத்தில் ஒளியுணரியும் உள்ளன. துகள் படியாத மற்றொரு பகுதியின் வழியே வரும் ஒளியையும் கருவி கூடவே அளந்து ஒப்பிடுகிறது. விளக்கின் பிரகாசம் தானாகவே சற்றுக் கூடிக் குறைந்தாலும் அது கணக்கில் புகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

வடிதாள் சுத்தமாக இருந்தபோது கடந்து வந்த ஒளிக்கும் இப்போது கடந்து வரும் ஒளிக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையை எடுத்து 100-ஆல் பெருக்கினால் கிடைப்பதை மங்கல் அளவு என்று வைத்துக்கொள்வோம். கருவியின் கோப்புகளில் இது ஏ.டி.என். என்ற சுருக்கத்தோடு இருக்கும். மங்கல் அளவு 1 என்றால் ஒளி ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்று பொருள். கருப்புக் கார்பனின் செறிவைத் தருவது இந்த மங்கல் அளவு அன்று, அது எவ்வளவு வேகமாக உயர்கிறது என்பதே. அது உயரும் வேகத்தை முன்பு பெருக்கிய 100-ஆல் வகுத்து, வட்டத்தின் பரப்பால் பெருக்கி, காற்றின் பாய்வு வீதத்தாலும், ஒரு கிராம் கருப்புக் கார்பன் எவ்வளவு ஒளியை மறைக்கும் என்ற மாறிலியாலும் வகுத்தால் திரையில் வரும் எண் கிடைக்கிறது.

இதை ஒரு முறை எண்களோடு போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஏ.இ.51 என்ற கையடக்கக் கருவியில் வடிதாள் வட்டத்தின் விட்டம் 3 மில்லிமீட்டர். மாறிலி கிராமுக்கு 12.5 சதுர மீட்டர். பம்ப் நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் காற்றை இழுப்பதாகவும், காற்றில் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் கருப்புக் கார்பன் இருப்பதாகவும் கொள்வோம். ஒரு நிமிடத்தில் அந்த வட்டத்தில் படியும் கரி வெறும் 0.5 நானோகிராம். அதனால் மங்கல் அளவு உயர்வது 0.09 என்ற அளவுக்குத்தான். அதாவது ஒளி பத்தாயிரத்தில் ஒன்பது பங்கு குறைகிறது. இதையே நொடிக்கு ஒரு முறை அளக்குமாறு கருவியை அமைத்துவிட்டால், அது கண்டுபிடிக்க வேண்டிய மாற்றம் லட்சத்தில் ஒன்றரைப் பங்கு. எந்த ஒளியுணரிக்கும் இது கடினமான வேலை. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்துச் சொல்லப்போவது வியப்பளிக்காது.

இரைச்சலும் எதிர்மறை எண்களும்

காற்றில் கரி இல்லாமற் போகலாம். பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. ஆனால் கருவி −300 என்று காட்டும். முதன்முறை இதைக் காண்பவர் கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில், அடுத்தடுத்த இரண்டு ஒளி அளவீடுகளின் வித்தியாசத்திலிருந்து எண் பெறப்படுவதால், அவற்றில் ஏதாவது ஒன்றில் சிறு தடுமாற்றம் இருந்தால்கூட விடை மேலேயோ கீழேயோ தாவும். இந்தத் தாவலையே இரைச்சல் என்கிறோம். முதல் அளவீடு சற்று மிகையாகக் கறுப்பைக் காட்டியிருந்தால் அந்த நிமிடத்தின் விடை கூடும். அடுத்த நிமிடத்தில் அளவீடு சரியான இடத்துக்குத் திரும்பும்போது விடை குறைந்து, காற்று தூய்மையாக இருந்தால் எதிர்மறையாகவும் போகும். ஆகவே எதிர்மறை எண்கள் தம் முன்னும் பின்னும் உள்ள மிகை எண்களோடு இணைபிரியாத இரட்டையராகவே வருகின்றன.

இந்த எதிர்மறை எண்களை நீக்கிவிடுவதே தொடக்கநிலையாளர்கள் மிக அதிகமாகச் செய்வதும், முடிவுகளை மிக மோசமாகக் கெடுப்பதுமான காரியம் என்பது என் கருத்து. எடுத்துக்காட்டாக, தூய்மையான காற்றில் ஆறு நிமிடங்களுக்கு 400, −300, 250, −200, 350, −100 என்று நானோகிராம்களில் எண்கள் வந்ததாகக் கொள்வோம். ஆறையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 67 வரும். எதிர்மறை எண்களைப் பூஜ்யமாக மாற்றிவிட்டுச் சராசரி எடுத்தால் 167. அவற்றை முழுவதுமாக நீக்கிவிட்டால் 333. காற்று மாறவில்லை, நாம் அட்டவணையைச் சீராக்கிய விதத்தால் மாசு ஐந்து மடங்கானது. காற்று எவ்வளவு தூய்மையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தப் பிழை பெருகும் என்பதால், போக்குவரத்து மிகுந்த சாலையையும் அமைதியான பூங்காவையும் ஒப்பிடும் ஆய்வில் இது இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டையே சுருக்கிக் காட்டிவிடும்.

சரியான மருந்து, காத்திருப்பதுதான். நீண்ட நேரச் சராசரியில் மேல் கீழ்த் தாவல்கள் தம்முள் கழிந்துபோகின்றன. நொடிக்கு ஒரு முறை எண் தரும் வசதி கருவியில் இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்தியாக வேண்டும் என்பதில்லை. ஓரிடத்தில் நிலையாக வைத்திருக்கும் கருவிக்கு ஒரு நிமிடம் அல்லது ஐந்து நிமிட இடைவெளி போதும், அறிக்கையில் ஒரு மணி நேரச் சராசரியைத் தருவது இன்னும் பாதுகாப்பானது. கருவியை எடுத்துக்கொண்டு நடக்கும்போதோ வண்டியில் செல்லும்போதோ மட்டும் குறுகிய இடைவெளி தேவைப்படும். அதற்கு ஹாக்லரும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஒரு முறை உதவுகிறது. அது இத்தனை நொடிகள் என்று காலத்தை நிலைப்படுத்துவதில்லை. மங்கல் அளவு ஒரு குறிப்பிட்ட அளவு, சொல்லப்போனால் 0.05, உயரும்வரை சராசரியை நீட்டிக்கொண்டே போகிறது. மேலே பார்த்த கருவியில், கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் உள்ள காற்றில் இந்த உயர்வுக்கு அரை நிமிடம் போல ஆகும். அரை மைக்ரோகிராம் மட்டுமே உள்ள காற்றில் ஆறு நிமிடங்களை நெருங்கும். மாசு மிகுந்த இடத்தில் நுணுக்கமான விவரமும், தூய்மையான இடத்தில் அமைதியான சராசரியும் ஒரே கோப்பில் கிடைப்பது இந்த முறையின் அழகு.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். மேலும் கீழும் தாவும் எதிர்மறை எண்கள் இரைச்சல்; பத்து இருபது நிமிடங்கள் தொடர்ந்து எதிர்மறையாகவே நிற்கும் எண்கள் வேறு. அவை வெப்பமோ ஈரப்பதமோ மாறிக்கொண்டிருப்பதையோ, கருவி இன்னும் நிலைப்படவில்லை என்பதையோ, எங்கோ கசிவு இருப்பதையோ காட்டும். அவற்றைச் சராசரியில் கரைத்துவிடாமல் காரணத்தைத் தேடுவதே முறை.

வடிதாள் நிறைய நிறைய

இரைச்சல் கண்ணுக்குத் தெரியும் பிழை. வடிதாள் நிறைவதால் வரும் பிழை அப்படித் தெரிவதில்லை. கோடு வழவழப்பாக இருக்கும், எண்கள் நம்பத் தகுந்தவையாகத் தோன்றும், ஆனால் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும். சுத்தமான வடிதாளில் விழும் முதல் துகள்கள் முழு ஒளியையும் எதிர்கொள்கின்றன. ஏற்கெனவே கறுத்த வடிதாளில் விழும் துகளோ முன்பு விழுந்தவற்றின் நிழலில் அமர்கிறது. அது மறைப்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒளி குறைவு. விளைவாக, அதே அளவு கரி வந்தாலும் மங்கல் அளவின் உயர்வு குறைகிறது, கருவியும் குறைத்துச் சொல்கிறது.

எவ்வளவு குறைத்துச் சொல்லும்? கிர்ச்ஸ்டெட்டரும் நோவகோவும் 2007-இல் தந்த திருத்தச் சூத்திரத்தின்படி, மங்கல் அளவு 50-ஐ எட்டும்போது, உண்மையில் 5 மைக்ரோகிராம் இருக்கும் காற்றுக்குக் கருவி 3.3 மைக்ரோகிராம் அளவுக்கே காட்டும். மூன்றில் ஒரு பங்கு காணாமற் போய்விடுகிறது. அந்தச் சூத்திரம் புதிதாக எரிந்து வந்த கரியைக் கொண்டு அமைக்கப்பட்டது. காற்றில் நாள்கணக்கில் மிதந்து, மேலே வேறு பொருள்கள் பூச்சாகப் படிந்த பழைய துகள்களில் இந்த விளைவு பொதுவாகக் குறைவு. ஆகவே ஓரிடத்துக்கும் ஒரு பருவத்துக்கும் பொருந்தும் திருத்தம் மற்றோர் இடத்துக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் படித்துவிட்டு, ஏதோ ஒரு சூத்திரத்தை எடுத்து எல்லாக் கோப்புக்கும் போட்டுவிடுகிறார்கள்.

தம் கருவியில் இந்தப் பிழை எவ்வளவு என்பதைத் தம்முடைய தரவைக் கொண்டே ஒருவர் அறிந்துகொள்ள முடியும். நாடா வடிவ வடிதாள் உள்ள கருவியாக இருந்தால், நாடா நகர்ந்து புதிய இடம் வரும் நேரத்தைப் பாருங்கள். நகர்வதற்கு முந்தைய சில நிமிடங்களின் சராசரிக்கும் பிந்தைய சில நிமிடங்களின் சராசரிக்கும் இடையே ஒவ்வொரு முறையும் ஒரு படிக்கட்டு போல ஏற்றம் இருந்தால், காற்று அந்தந்த நொடியில்தான் மாசடைந்தது என்று நம்ப இடமில்லை. நீண்ட காலத் தரவு கையில் இருப்பவர்கள், எல்லா அளவீடுகளையும் அவை எடுக்கப்பட்ட வேளையில் இருந்த மங்கல் அளவின்படி தொகுத்து, 0 முதல் 10 வரை, 10 முதல் 20 வரை என்று ஒவ்வொரு தொகுதிக்கும் சராசரி காணலாம். வடிதாள் எந்த அளவு கறுத்திருக்கிறது என்பது வெளிக்காற்றுக்குத் தெரியாது. எனவே போதிய தரவு இருந்தால் சராசரிகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். மங்கல் அளவு கூடக் கூடச் சராசரி சரிந்தால், அந்தச் சரிவே தேவையான திருத்தத்தின் அளவு. விர்க்குலாவும் பிறரும் 2007-இல் முன்வைத்த முறையும் நாடா நகர்வின் இருபக்க எண்களும் பொருந்த வேண்டும் என்ற இதே எண்ணத்தின் மீது எழுந்ததுதான்.

ஏ.இ.33 போன்ற பிற்காலக் கருவிகள் இதைத் தாமே செய்துகொள்கின்றன. ஒரே காற்றை இரண்டு வட்டங்களில் வெவ்வேறு வீதத்தில் செலுத்தி, ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் கறுக்கும்படி அமைத்து, இரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து திருத்தத்தை அவ்வப்போதே கணக்கிடுகின்றன. கையடக்கக் கருவிகள் பலவற்றில் இந்த வசதி இல்லை. அவற்றில் எளிய வழி, வடிதாளை அடிக்கடி மாற்றுவதும், மாற்றிய நேரத்தைக் குறித்து வைப்பதுமே. நாம் போட்ட கணக்கின்படி, 5 மைக்ரோகிராம் காற்றில் நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் வீதம் இழுத்தால் மங்கல் அளவு 50-ஐத் தொட ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் ஆகும். இருபது மைக்ரோகிராம் காற்றில் அது இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். எனவே நாளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்பது போன்ற பொது விதியைவிட, மங்கல் அளவைப் பார்த்து மாற்றுவதே மேல். புகை மிகுந்த இடங்களில் பாய்வு வீதத்தைக் குறைத்து வைத்தால் வடிதாள் அதிக நேரம் தாங்கும். தூய்மையான இடங்களில் கூட்டி வைத்தால் இரைச்சல் குறையும்.

ஈரமும் வெப்பமும் அதிர்வும்

வடிதாளும் காகிதத்தைப் போல ஈரத்தை வாங்கி விடக்கூடியது. ஈரம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் வழியே செல்லும் ஒளியின் அளவு மாறுகிறது. கருவிக்கோ அது கரி படிந்ததா ஈரம் படிந்ததா என்று தெரியாது. குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து கருவியை வெப்பமும் ஈரமும் மிகுந்த வெளிக்காற்றுக்குக் கொண்டுபோகும் வேளையில், எண் ஒரு பக்கமாகப் பெரிதாகத் தாவி, சில நிமிடங்களில் எதிர்ப்பக்கமாகத் தாவி, பிறகே நிலைப்படும். இப்படி ஒட்டிக்கொண்டு வரும் இரட்டைத் தாவலைத் தரவில் கண்டால், முதலில் ஈரப்பதப் பதிவையே பார்க்க வேண்டும். டெஃப்ளான் பூசிய வடிதாள்களில் இந்தத் தொல்லை குறைவு. முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. நிலையாக வைக்கும் கருவிகளுக்கு முன்னால் சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்த்திக் குழாயை அமைப்பது நல்ல பழக்கம். அதன் மணிகள் நிறம் மாறியதும் மாற்றத் தவறினால் அது உலர்த்தியாக அல்லாமல் வெறும் குழாயாகவே இருக்கும்.

வெப்பநிலை மாற்றம் எல்.இ.டி. விளக்கையும் மின்னணுப் பகுதியையும் சேர்த்தே பாதிக்கிறது. ஆகையால் கருவியை நேரடி வெயிலில் வைக்கக் கூடாது; குளிரூட்டியின் காற்று விட்டுவிட்டு நேராக அடிக்கும் இடத்திலும் வைக்கக் கூடாது. பின்னதை யாரும் கவனிப்பதில்லை. குளிரூட்டி இயங்கி நிற்கும் கால இடைவெளியோடு ஒத்து எண்கள் அலைபாய்ந்தால் காரணம் அதுவே. புதிய வடிதாள் போட்ட பின்னும், கருவியை இடம் மாற்றிய பின்னும் முதல் பத்துப் பதினைந்து நிமிடத் தரவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பொதுவான வழக்கம்.

தோளில் மாட்டிய பையில் கருவி குலுங்கும்போது வடிதாள் இம்மியளவு நகர்ந்தாலும் ஒளி மாறும். அத்தகைய தாவல்கள் ஓரிரு அளவீடுகளோடு முடிந்துவிடும். அருகில் ஒரு லாரி கடந்து சென்றதால் வரும் உண்மையான ஏற்றமோ சற்று நேரம் நீடித்துத் தணியும். அசைவுப் பதிவு உள்ள கருவிகளில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

காற்று எவ்வளவு வந்தது என்பது

கணக்கில் பாய்வு வீதம் வகுக்கும் எண்ணாக இருப்பதால், அதில் உள்ள பிழை அப்படியே விடைக்குச் செல்கிறது. பம்ப் 100 மில்லிலிட்டர் என்று சொல்லிக்கொண்டு 90 மட்டும் இழுத்தால் விடை பத்தில் ஒரு பங்கு குறையும். கருவியின் உள் உணரி சொல்வதை ஏற்றுக்கொள்ளாமல், காற்று நுழையும் வாயில் தனியான பாய்வுமானியை இணைத்துக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை சரிபார்க்க வேண்டும். வாயில் அளந்த வீதம், பம்புக்கு அருகில் கருவியே அளக்கும் வீதத்தைவிடக் குறைவாக இருந்தால், இடையில் எங்கோ கசிவின் வழியாகக் காற்று உள்ளே நுழைகிறது என்று பொருள்.

கசிவைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கும் வழியும் உண்டு. பயன்படுத்திய வடிதாளை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கரி படிந்த வட்டம் வரைந்ததைப் போலக் கூர்மையான விளிம்போடும், உள்ளே சீரான சாம்பல் நிறத்தோடும் இருக்க வேண்டும். விளிம்பைச் சுற்றி மங்கலான வளையம் பரவியிருந்தால், வடிதாளை அழுத்திப் பிடிக்கும் பகுதி சரியாகப் பொருந்தவில்லை. அதில் தூசியோ நாரோ சிக்கியிருக்கக் கூடும். வட்டத்துக்குள் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு அதிகமாக இருந்தாலும், புள்ளிகள் தெரிந்தாலும், ஒளிப்பாதையைச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. கணினித் திரையில் எந்த எச்சரிக்கையும் தோன்றாத நிலையிலும் இந்தச் சிறு காகிதத் துண்டு பல உண்மைகளைச் சொல்லிவிடுவதால், மாற்றிய வடிதாள்களைத் தேதி எழுதி உறையில் போட்டு வைப்பதை நான் வலியுறுத்துவேன்.

காற்றின் கன அளவைக் கருவி எந்த வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் மாற்றிச் சொல்கிறது என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. ஒரு கருவி 0 பாகை செல்சியசுக்கும் மற்றொன்று 25 பாகைக்கும் மாற்றித் தருமானால், இரண்டும் குறையின்றி இயங்கினாலும் விடைகள் நூற்றுக்கு ஒன்பது வேறுபடும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், மலைப்பகுதித் தரவில் இந்த அமைப்பைப் பாராமல் எதையும் எதனோடும் ஒப்பிடக் கூடாது.

காற்றைக் கொண்டுவரும் குழாய் குட்டையாகவும், கூர்மையான வளைவுகள் இல்லாமலும், மின் கடத்தும் பொருளால் ஆனதாகவும் இருக்க வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் குழாயின் சுவரில் தேங்கும் நிலைமின்னூட்டம் துகள்களை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். குழாயின் நீளம் நேரத்தையும் தாமதப்படுத்துகிறது. 3 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள இரண்டு மீட்டர்க் குழாயில் 14 மில்லிலிட்டர் காற்று நிற்கும். நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் வீதம் அது கருவியை அடைய எட்டு நொடிகளுக்கு மேல் ஆகும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மிதிவண்டியில் செல்பவருக்கு இது நாற்பது மீட்டர் தள்ளி நின்ற காற்று. வரைபடத்தில் புகை வந்த சந்திப்பு அடுத்த கட்டடத்துக்கு முன்னால் போய் விழும்.

பூஜ்யச் சோதனையும் அருகருகே வைத்துப் பார்த்தலும்

கருப்புக் கார்பனுக்கு, வாயுக்களுக்கு இருப்பதைப் போலச் செறிவு தெரிந்த உருளை எதுவும் கிடையாது. களத்தில் எடுத்துச் சென்று கருவிக்குக் காட்டி, இதுதான் ஐந்து மைக்ரோகிராம் என்று சொல்ல முடியாது. நம்மால் உறுதியாகத் தயாரிக்க முடிந்த ஒரே செறிவு பூஜ்யம். காற்று நுழையும் வாயில் ஹெப்பா வடிகட்டி ஒன்றைப் பொருத்தினால் துகளே இல்லாத காற்று உள்ளே செல்லும். இருபது முப்பது நிமிடங்கள் அப்படி ஓட விட்டுக் கிடைத்த எண்களின் சராசரி பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். சராசரி தெளிவாகப் பூஜ்யத்துக்கு மேலே நின்றால் அறைக்காற்று கசிந்து நுழைகிறது என்று ஐயப்பட வேண்டும். அந்த எண்களின் திட்ட விலக்கம், அதாவது அவை சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பது, கருவியின் இரைச்சலைத் தருகிறது. அதைப்போல் மூன்று மடங்குக்குக் கீழே வரும் தனி அளவீடு எதையும் ஒரு கண்டுபிடிப்பாகக் கொள்ளாமல் இருப்பது பொதுவான மரபு. ஒரு நாள் முழுவதும் ஓடும் ஆய்வுக்கு இந்த அரை மணி நேரம் பெரிய செலவே அன்று.

ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளைப் பயன்படுத்துபவர்கள், ஆய்வு தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அருகருகே ஓட விட்டு ஒப்பிட வேண்டும். செறிவு ஏறி இறங்கும் நேரமாக அது இருக்க வேண்டும். எப்போதும் ஒரே அளவாக இருக்கும் காற்றில் இரண்டு கருவிகள் ஒத்துப்போவது அதிகம் சொல்லாது. இதில் ஒரு நுட்பம் உண்டு. எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் புதிய வடிதாள் போட்டுத் தொடங்கினால், வடிதாள் நிறைவதால் வரும் பிழை அனைத்திலும் ஒரே விதமாக வளரும். அவை ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும், சேர்ந்தே தவறும். ஒன்றில் புதிய வடிதாளும் மற்றொன்றில் பாதி கறுத்த வடிதாளும் வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்த்தால்தான் அந்தப் பிழை வெளியே வரும்.

மாறிலிகள் சொல்லும் எச்சரிக்கை

எல்லாச் சோதனைகளிலும் கருவி தேறிவிட்டது என்றாலும், ஒளி மறைப்பை எடையாக மாற்றும் மாறிலி ஓர் ஏற்பாடு என்பது மறக்கத் தக்கதன்று. பழைய ஏ.இ.31 கருவி 880 நானோமீட்டர் அலைநீளத்தில் கிராமுக்கு 16.6 சதுர மீட்டர் என்ற எண்ணைப் பயன்படுத்தியது. ஏ.இ.33 அதே அலைநீளத்துக்கு 7.77 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, வடிதாளின் இழைகளுக்குள் ஒளி பலமுறை சிதறுவதால் ஏற்படும் மிகைப்பை வேறொரு கெழுவால் தனியே கையாள்கிறது. அந்தக் கெழு வடிதாளின் வகையைப் பொறுத்தது. ஒரு வகை நாடாவுக்கு 1.57, மற்றொரு வகைக்கு 1.39. நாடாவை மாற்றிவிட்டு அமைப்பை மாற்றாமல் விட்டால், அன்று முதல் எல்லா எண்களும் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் பிசகும், கோட்டின் வடிவம் மட்டும் மாசு மறுவின்றி இருக்கும்.

இதனால்தான் 2013-இல் பெட்ஸோல்டும் பிறரும், ஒளியியல் முறையில் பெற்ற அளவைச் சமானக் கருப்புக் கார்பன் என்று குறிப்பிட வேண்டும் என்று பரிந்துரைத்தனர். வடிதாளைச் சூடேற்றி வெளியேறும் கார்பனை அளக்கும் வேதியியல் முறையின் விடையோடு இது நெருங்கி வரும், ஒன்றாகிவிடாது. மேலும், மணல் தூசியும் விறகுப் புகையில் உள்ள கரிமச் சேர்மங்களும் குறுகிய அலைநீள ஒளியை உட்கவரக்கூடியவை. கருப்புக் கார்பனின் எண்ணை 880 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியிலிருந்து எடுப்பதற்குக் காரணம், அங்கே இவற்றின் குறுக்கீடு குறைவு என்பதே. புற ஊதாப் பகுதியான 370 நானோமீட்டரிலும் சேர்த்து அளக்கும் கருவிகளில், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு விறகுப் புகையின் பங்கை மதிப்பிடும் முறை வழக்கில் உள்ளது. ஆனால் மேலே சொன்ன பிழைகள் ஒவ்வோர் அலைநீளத்திலும் வெவ்வேறு அளவில் புகுவதால், தொடக்கத்திலேயே அந்த மதிப்பீட்டில் இறங்காமல் இருப்பது நல்லது.

தரவைப் பிறருக்குத் தரும்போது கருவியின் வகை, வடிதாளின் வகை, பாய்வு வீதம், அளவீட்டு இடைவெளி, பயன்படுத்திய மாறிலி, செய்த திருத்தம், கன அளவுக்குக் கொண்ட வெப்பநிலையும் அழுத்தமும், கடிகாரம் எந்த நேர மண்டலத்தில் இருந்தது என்பது ஆகியவற்றை உடன் எழுத வேண்டும். இவற்றைவிட முக்கியமாக, திருத்திய செறிவை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்துவிடக் கூடாது. மங்கல் அளவும் ஒளியுணரியின் நேரடி எண்களும் அதில் இருக்கும்வரை, மாறிலி தவறு என்று பிறகு தெரிய வந்தாலும், வேறொரு திருத்தமுறை பொருத்தமானது என்று தோன்றினாலும், பழைய அளவீடுகள் அனைத்தையும் முதலிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.